கடிகாரத்தை நிறுத்துங்கள், கையை உயர்த்துங்கள்

சதுரங்கம்: வாசகர் கேள்வி – பதில்

பலகைக்கு முன் நேருக்கு நேர் அமர்ந்து ஆடும் போட்டிகளில் ஏமாற்றுவோரையும் பண்பில்லாமல் நடந்துகொள்வோரையும் எப்படி எதிர்கொள்வது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். போட்டிகளின் பெயர்களையும் எதிராளிகளின் பெயர்களையும் நீக்கிவிட்டேன். விதி என்று நான் கீழே குறிப்பிடுவதெல்லாம் உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கும் விதிகளையே.

*கேள்வி: என் மகளுக்குப் பதினோரு வயது. மாவட்ட அளவிலான ஒரு போட்டியில் அவளுக்கு எதிரே ஆடிய சிறுவன் குதிரையைக் கையில் எடுத்துவிட்டு, அது வெட்டுப்படும் என்று தெரிந்ததும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு யானையை நகர்த்தினான். இவள் வாயே திறக்கவில்லை. தோற்று வெளியே வந்த பிறகுதான் அழுதுகொண்டே சொன்னாள். நடுவரிடம் போய்க் கேட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். இது நியாயமா? – ஒரு தாய், ஈரோடு*

பதில்: நியாயம் இல்லைதான், ஆனால் நடுவர் சொன்னது விதிப்படி சரி. ஆட வேண்டிய முறை வந்தவர் நகர்த்தும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும் என்று சொல்லும் அதே நான்காம் விதி, எதிராளி அதை மீறிவிட்டார் என்று முறையிடும் உரிமை, நாம் நம்முடைய காயை நகர்த்தும் எண்ணத்தோடு தொடுகிற வரையில்தான் நமக்கு உண்டு என்றும் சொல்கிறது. உங்கள் மகள் தன் அடுத்த நகர்வுக்குக் காயைத் தொட்டபோதே அந்த உரிமை போய்விட்டது. ஆட்டம் முடிந்த பிறகு பெற்றோர் வந்து கேட்கும்போது நடுவரால் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை.

ஆகவே பிள்ளைகளுக்குப் புதிய தொடக்க ஆட்டங்களைக் கற்றுத் தருவதற்கு முன்பே பழக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தவறு நடந்தால் தன் காய் எதையும் தொடாமல், கடிகாரத்தை நிறுத்தி, கையை உயர்த்தி, நடுவர் வரும்வரை எதிராளியோடு வாதாடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவரின் உதவியைக் கேட்பதற்காகக் கடிகாரத்தை நிறுத்துவதை விதியே அனுமதிக்கிறது. இரண்டு பக்க நேரமும் நின்றுவிடுவதால் யாருக்கும் இழப்பும் இல்லை. நம் பிள்ளைகளில் பலருக்குக் கடிகாரத்தை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. தெரிந்த பிள்ளைகளும் நடுவரை அழைப்பதைக் கோள் சொல்வதாக நினைத்துத் தயங்குகிறார்கள். வீட்டில் அவளோடு ஆடும்போது நீங்களே வேண்டுமென்று ஒரு காயைத் தொட்டுவிட்டு வேறொன்றை நகர்த்துங்கள். அவள் கை கடிகாரத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தால் பழகிவிடும்.

அந்தச் சிறுவன் “நான் தொடவே இல்லை” என்று சாதித்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். நூறு பலகைகள் இருக்கும் அரங்கில் நடுவர் அந்த நொடியில் அங்கே நின்றிருக்க வாய்ப்பு குறைவு. பக்கத்தில் பார்த்தவர் எவரும் உண்டா என்று அவர் விசாரிப்பார். இல்லையென்றால் ஆட்டத்தை அப்படியே தொடரச் சொல்வார். அப்படியானாலும் அழைத்தது வீண்போகாது, ஏனென்றால் அதன் பிறகு நடுவர் அந்தப் பலகையின் மேல் ஒரு கண் வைத்திருப்பார், சிறுவனும் இன்னொரு முறை துணிய மாட்டான்.

மௌனமாக இருந்துவிட்டோமே என்று உங்கள் மகள் வருந்தினால் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். 1994-இல் ஸ்பெயின் நாட்டு லினாரெஸ் போட்டியில், 17 வயது ஜூடித் போல்காருக்கு எதிராக ஆடிய உலகச் சாம்பியன் காஸ்பரோவ், தன் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து விரல்களை எடுத்துவிட்டு, அந்த இடம் தவறு என்று கண்டதும் மறுபடி எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். கையை விட்ட காய் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதும் நான்காம் விதிதான். அவருடைய விரல்கள் ஏறத்தாழ கால் நொடி நேரம் காயை விட்டு விலகியிருந்ததைத் தொலைக்காட்சிப் பதிவு பின்னர் காட்டியது. போல்கார் அந்த நேரத்தில் நடுவரை அழைக்கவில்லை, ஆட்டத்தையும் இழந்தார். உலகின் மிகச் சிறந்த பெண் ஆட்டக்காரராக உயர்ந்தவருக்கே அந்த வயதில் வாய் வரவில்லை என்னும்போது பதினோரு வயதுப் பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை.

காயைச் சரியாக வைப்பதற்காகத்தான் தொட்டேன் என்று சாக்குச் சொல்பவர்களும் உண்டு. சரிசெய்யப் போவதைத் தொடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். தொட்ட பிறகு சொல்வது செல்லாது. 1967-இல் துனீசியாவின் சூஸ் நகரில் நடந்த, உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றுகளில் ஒன்றான இன்டர்ஸோனல் போட்டியில், யூகோஸ்லாவியாவின் மாதுலோவிச் தோல்விக்கு இட்டுச்செல்லும் ஒரு நகர்வைச் செய்துவிட்டு, சரிசெய்கிறேன் என்று பொருள்படும் “ஜாதூப்” என்ற பிரெஞ்சுச் சொல்லைச் சாவகாசமாகச் சொல்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பிறகு சதுரங்க உலகம் அவரை “ஜாதூபோவிச்” என்றே கேலி செய்தது.

*கேள்வி: நேரம் குறைந்ததும் சிலர் காய்களைத் தட்டிவிட்டு அப்படியே கடிகாரத்தை அழுத்துகிறார்கள், ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் காஸ்லிங்கைச் செய்ய இரண்டு கைகளையும் பயன்படுத்துகிறார்கள், கடிகாரத்தின் மேலேயே கையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவற்றுக்குத் தண்டனை உண்டா? – திருநெல்வேலி வாசகர்*

பதில்: உண்டு. ஒரு நகர்வை ஒரு கையால்தான் செய்ய வேண்டும், அதே கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும். இரண்டு கைகளாலும் காஸ்லிங் செய்து கடிகாரத்தை அழுத்திவிட்டால் அது விதிமீறிய நகர்வுக்குச் சமமாகக் கருதப்படும். முதல் முறை என்றால் உங்களுக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். சில நிமிடங்களில் முடியும் அதிவேக பிளிட்ஸ் ஆட்டத்தில் 1 நிமிடம். அதே ஆட்டத்தில் அவரே இரண்டாம் முறை செய்தால் ஆட்டத்தை இழப்பார். உங்களிடம் இருக்கும் காய்களைக் கொண்டு எவ்வழியிலும் மேட் செய்யவே இயலாத நிலை இருந்தால் மட்டும் ஆட்டம் டிராவாகும். சாய்த்த காய்களை அவர் தம் நேரத்தில் நிமிர்த்த வேண்டும். கடிகாரத்தின் மேல் விரலை வைத்திருப்பதும், அதற்கு மேலே கையை நிழலாடவிடுவதும், ஓங்கி அடிப்பதும் தடைசெய்யப்பட்டவை. கோபத்தில் நீங்களும் பதிலுக்குக் கடிகாரத்தைத் தட்டினால் இருவருமே நடுவர் முன் குற்றவாளிகளாக நிற்க நேரும்.

*கேள்வி: ஓர் ஓபன் போட்டியில் என்னைவிட 300 புள்ளி குறைந்த ரேட்டிங் (ஆட்டத்திறன் மதிப்பெண்) உடையவர், பன்னிரண்டாம் நகர்வுக்குப் பின் அடிக்கடி எழுந்து கழிவறைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். நான் தோற்றேன். வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால் அவருடைய ஆட்டத்தில் பிழையே இல்லை. அவர்மேல் இப்போது புகார் கொடுக்கலாமா? – கோயம்புத்தூர் வாசகர்*

பதில்: போட்டி முடிந்த பிறகும் புகார் கொடுக்க ஃபிடேயின் நடைமுறையில் இடமுண்டு. ஆனால் உங்களுக்குப் பயன்படக்கூடிய நேரம் ஆட்டம் நடந்துகொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரம்தான், அதை நீங்கள் தவறவிட்டுவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

2015 ஏப்ரலில் துபாய் ஓபன் போட்டியில் ஆர்மீனியாவின் டிக்ரான் பெட்ரோசியான் (பழைய உலகச் சாம்பியன் அல்லர், அதே பெயர் கொண்ட இளைய கிராண்ட்மாஸ்டர்) ஜார்ஜியாவின் சாம்பியனாக இருந்த காயோஸ் நிகாலிட்ஸேயோடு ஆடினார். எதிராளி முக்கியமான நகர்வு ஒவ்வொன்றுக்கும் பிறகு விரைந்து கழிவறைக்குப் போவதையும், காலியான அறைகள் இருக்கும்போதும் ஒரே அறைக்குள் நுழைவதையும் கவனித்து, ஆட்டம் நடக்கும்போதே நடுவர்களிடம் சொன்னார். அவர்கள் அந்த அறையைச் சோதித்தபோது, கழிவறைத் தாளில் சுற்றி மறைத்து வைத்திருந்த ஒரு போன் கிடைத்தது. தன்னுடையது அல்ல என்று நிகாலிட்ஸே மறுத்தார்; ஆனால் அதில் அவருடைய சமூக வலைத்தளக் கணக்கு திறந்திருந்தது, ஒரு செயலியில் அதே ஆட்டம் அலசப்பட்டுக்கொண்டிருந்தது. போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட அவருக்கு ஃபிடே மூன்றாண்டுத் தடை விதித்து, கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையும் பறித்தது. பெட்ரோசியான் “இவர் ஏமாற்றுக்காரர்” என்று அரங்கில் கூச்சல் போட்டிருந்தால் அந்த போன் அடுத்த நிமிடமே காணாமல் போயிருக்கும். தாம் கண்டதை மட்டும், சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொன்னார்.

இதன் மறுபக்கத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும். 2006-இல் ரஷ்யாவின் எலிஸ்டா நகரில் கிராம்னிக்கும் தோப்பலோவும் உலகப் பட்டத்துக்காக மோதியபோது, கிராம்னிக் ஐம்பது தடவைக்கு மேல் கழிவறைக்குப் போகிறார் என்று தோப்பலோவின் மேலாளர் புகார் எழுப்பினார். ஏமாற்றியதற்கு ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. தனிக் கழிவறையைப் பூட்டியதை எதிர்த்து கிராம்னிக் ஐந்தாம் ஆட்டத்தை ஆட மறுத்து அந்தப் புள்ளியை இழந்தார். இருந்தும் டை-பிரேக்கில் வென்று பட்டத்தைப் பெற்றார். அடிக்கடி எழுந்து போகிறவருக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம், பதற்றம் இருக்கலாம், தண்ணீர் அதிகம் குடிக்கும் பழக்கம் இருக்கலாம். அது சந்தேகத்துக்குக் காரணமே தவிர ஆதாரம் ஆகாது.

பிழையே இல்லாத ஆட்டம் என்று நீங்கள் சொல்வதையும் நான் அவ்வளவு எளிதாக ஏற்க மாட்டேன். எதிராளி ஒரே திட்டத்தைப் பின்பற்றி, நீங்களும் சரியாக ஆடாமல் போனால், சாதாரண ஆட்டக்காரரின் நகர்வுகளும் கணினியோடு ஒத்துப்போகும். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ரீகன் வகுத்த புள்ளியியல் முறையைத்தான் ஃபிடே இத்தகைய ஆய்வுக்குப் பயன்படுத்தி வருகிறது; அவருடைய முறைக்கும் ஒருவரின் பல ஆட்டங்கள் தேவை. ஒற்றை ஆட்டத்தை வைத்துக்கொண்டு வீட்டுக் கணினி தரும் சதவீதத்தை நடுவரிடம் நீட்டினால் அவர் எதுவும் செய்ய இயலாது.

இதுவரை பிடிபட்டவர்கள் எப்படிப் பிடிபட்டார்கள் என்பதைப் பாருங்கள். 2006-இல் டெல்லியில் ஓர் ஆட்டக்காரர் தொப்பிக்குள் புளூடூத் கருவியைத் தைத்து வைத்திருந்தது சோதனையில் தெரிந்தது. அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பு அவரைப் பத்தாண்டுக் காலம் தடைசெய்தது. 2010-இல் ரஷ்யாவின் கான்டி-மான்சீஸ்க் ஒலிம்பியாடில், பிரான்ஸிலிருந்து குறுஞ்செய்தியில் வந்த நகர்வுகளை, அணித் தலைவர் குறிப்பிட்ட மேசைகளுக்குப் பின்னால் போய் நின்று செபாஸ்டியன் ஃபெல்லருக்குச் சுட்டிக்காட்டியதாக பிரெஞ்சுக் கூட்டமைப்பே குற்றம் சாட்டியது. அதற்குத் துப்புக் கொடுத்தவை அந்தக் குறுஞ்செய்திகள்தாம். தம் சொந்த நாட்டு அணியின் மீதே நடவடிக்கை எடுத்த அந்தத் துணிவு எல்லாக் கூட்டமைப்புகளுக்கும் வாய்க்குமா என்பது தனிக் கேள்வி. 2019-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், 58 வயதில் 2700 ரேட்டிங்கை நெருங்கிக்கொண்டிருந்த கிராண்ட்மாஸ்டர் இகோர்ஸ் ரௌசிஸ் கழிவறையில் போனோடு இருந்த புகைப்படம் வெளியானது. அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆறாண்டுத் தடை விழுந்தது. ஒவ்வொன்றிலும் கையில் அகப்பட்ட ஒரு பொருளோ செய்தியோ இருந்தது. ஆனால் ரௌசிஸின் படத்தை எடுத்தவரைப் பின்பற்றி நீங்கள் யாரையும் கழிவறையில் படம் பிடிக்கப் போகாதீர்கள். அது உங்களைத்தான் காவல் நிலையத்தில் கொண்டு நிறுத்தும்.

அடுத்த முறை இப்படி நேர்ந்தால், எத்தனையாவது நகர்வுக்குப் பின், எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் போனார் என்பதை மனத்தில் குறித்துக்கொண்டு தலைமை நடுவரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஸ்கோர் ஷீட்டில் எழுதாதீர்கள். நகர்வுகள், நேரம், டிரா கோரிக்கை போன்றவற்றைத் தவிர வேறெதையும் அதில் எழுதக் கூடாது. தம் முறை நடக்கும்போது அனுமதியின்றி ஆடும் பகுதியைவிட்டு ஒருவர் வெளியேறினால் அதுவே விதிமீறல் என்பதால் அதையும் சொல்லலாம். உடைகளையும் பைகளையும், தேவையானால் உடலையும் தனியிடத்தில், அதே பாலினத்தவரைக் கொண்டு சோதிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. மறுப்பவர் மீது அவர் நடவடிக்கை எடுக்கலாம்.

*கேள்வி: என் மகன் சட்டைப்பையில் போனை மறந்து வைத்துவிட்டான். அணைத்துத்தான் இருந்தது. எதிராளி கண்டு சொன்னதும் தோல்வி அறிவித்துவிட்டார்கள். இவ்வளவு கடுமை வேண்டுமா? – தஞ்சாவூர் வாசகர்*

பதில்: வேண்டும். போட்டியின் விதிமுறை அனுமதித்தால், முழுதும் அணைத்த போனை நடுவர் காட்டிய இடத்தில் வைக்கும் பைக்குள் விடலாம். உடம்போடு இருந்தால், அணைத்திருந்தாலும் ஆட்டம் போயிற்று. கைக்கடிகாரம் போலத் தோற்றமளிக்கும் ஸ்மார்ட் வாட்சும் இதில் அடங்கும். மறதியையும் வஞ்சகத்தையும் பிரித்தறிய நடுவரிடம் கருவி எதுவும் இல்லாததால் விதி இருவரையும் ஒன்றாகவே நடத்துகிறது. 2003-இல் அப்போதைய ஃபிடே உலகச் சாம்பியன் பொனோமாரியோவ், பல்கேரியாவின் பிலோவ்திவ் நகரில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியில் போன் ஒலித்ததற்காக ஆட்டத்தை இழந்தார். அவர் ஏமாற்றியதாக எவரும் சொல்லவில்லை.

*கேள்வி: எதிராளி இரண்டு மூன்று நகர்வுக்கு ஒருமுறை டிரா கேட்கிறார், காலை ஆட்டி மேசையை அதிரவைக்கிறார், நான் யோசிக்கும்போது முகத்தையே முறைத்துப் பார்க்கிறார். என் கவனம் சிதறுகிறது. – சேலம் வாசகி*

பதில்: எதிராளியை எவ்வகையிலும் திசைதிருப்பவோ எரிச்சலூட்டவோ கூடாது என்கிறது விதி 11.5, நியாயமற்ற டிரா கோரிக்கைகளையும் பெயர் சொல்லியே அதில் சேர்த்திருக்கிறது. தம் நகர்வைச் செய்துவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் கேட்பதே முறை. உங்கள் நேரம் ஓடும்போது கேட்டாலும் அந்தக் கோரிக்கை செல்லும், விருப்பமானால் நீங்கள் ஏற்கலாம். ஆனால் அது இடையூறாகவும் கருதப்படும். நிலைமை மாறாதபோது மீண்டும் மீண்டும் கேட்டால் நடுவரை அழையுங்கள். அவர் முதலில் எச்சரிப்பார், பிறகு உங்களுக்கு நேரத்தைக் கூட்டித் தருவார். மேசை அதிர்வதையும் சொல்லலாம். காலாட்டுவதைப் பலர் தம்மையறியாமல் செய்கிறார்கள், நடுவர் ஒரு வார்த்தை சொன்னாலே நிறுத்திவிடுவார்கள்.

முறைப்பதுதான் சிக்கல், ஏனென்றால் பார்ப்பதற்கு அளவுகோல் கிடையாது. இது பழைய வித்தை. எதிராளியின் கண்ணில் வெயில் படும்படி பலகையை வைக்குமாறு ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸ் 1561-இலேயே எழுதி வைத்தார். 1978-இல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் கார்ப்போவும் கோர்ச்னாயும் மோதிய உலகப் பட்டப் போட்டியில், கார்ப்போவின் தரப்பு உளவியலாளர் ஒருவர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கோர்ச்னாயையே உற்றுப் பார்த்தார். கோர்ச்னாய் ஒளியைத் திருப்பி வீசும் கண்ணாடி அணிந்து வந்தார். கார்ப்போவுக்குக் கொடுத்தனுப்பிய தயிர்க் கோப்பையில் ரகசியச் செய்தி இருக்கலாம் என்று புகார் போயிற்று. கடைசியில் கோர்ச்னாயின் தரப்பு, நம் நாட்டில் தோன்றிய ஆனந்த மார்க்கம் என்ற ஆன்மிக இயக்கத்தைச் சேர்ந்த இருவரை அழைத்து வந்து தியானத்தில் உட்கார வைத்தது. வென்றவர் கார்ப்போவ். முறைப்புக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பலகையை விட்டுப் பார்வையை எடுக்காதீர்கள், உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அவருக்கே சலித்துவிடும்.

*கேள்வி: தோற்றால் என் மகன் காய்களைத் தள்ளிவிடுகிறான், சில நேரம் கை குலுக்காமல் எழுந்துவிடுகிறான். பெரிய ஆட்டக்காரர்களே மேசையைக் குத்துகிறார்களே என்கிறான். – சென்னை வாசகர்*

பதில்: அவன் சொல்வது 2025 ஜூன் 1 அன்று நார்வேயின் ஸ்டாவாங்கரில் நம் குகேஷிடம் தோற்ற கார்ல்சன் மேசையைக் குத்திய காட்சியாக இருக்கும். அதை முழுதும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த நொடியே கார்ல்சன் மன்னிப்புக் கேட்டார், கை குலுக்கினார், போகும்போது குகேஷின் முதுகிலும் தட்டிக்கொடுத்தார். அதே நேரத்தில் குகேஷ் என்ன செய்தார் என்பதையும் அவன் கவனிக்கட்டும்: எழுந்து சற்று நடந்துவிட்டு வந்து, தன் காய்களை ஒழுங்காக அடுக்கி வைத்தார்.

கை குலுக்க மறுப்பது விளையாட்டல்ல. 2008-இல் நெதர்லாந்தின் வைக் ஆன் சே போட்டியில் பல்கேரியாவின் செபாரினோவ் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட்டுக்குக் கை கொடுக்க மறுத்ததும், வெற்றி ஷார்ட்டுக்கே என்று நடுவர் அறிவித்தார். மேல்முறையீட்டில், மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆட்டத்தை ஆட வேண்டும் என்று முடிவாயிற்று. ஆடியபோதும் ஷார்ட்டே வென்றார்.

*கேள்வி: கடைசிச் சுற்றுக்கு முந்தைய இரவு எதிராளியின் பயிற்சியாளர் என்னை அழைத்து, டிரா செய்தால் இருவருக்கும் பரிசு கிடைக்கும் என்றார். மறுத்துவிட்டேன். எல்லோரும் செய்வதுதானே என்கிறார்கள் நண்பர்கள். – மதுரை வாசகர்*

பதில்: நீங்கள் மறுத்தது சரி. பலகையில் ஆடி, நிலைமையைப் பார்த்து இருவரும் சம்மதிக்கும் டிராவுக்கும், முந்தைய இரவே பேசி முடித்த டிராவுக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது, முடிவை விலைபேசுவதாகும். 2023 டிசம்பரில் சமர்கண்டில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியில் நெப்போம்னியாச்சியும் துபோவும் குதிரைகளை மட்டுமே சுற்றிச் சுற்றி ஆடவிட்டு டிரா செய்துகொண்டபோது, தலைமை நடுவர் இருவருக்கும் சுழியம் போட்டார். 1962-இல் குராசாவோ தீவில், உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்க நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் பெட்ரோசியான் (இவர்தான் பழைய உலகச் சாம்பியன்), கெரெஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் டிராவாயின. சோவியத் ஆட்டக்காரர்கள் கூடிப் பேசிக்கொண்டார்கள் என்று அமெரிக்காவின் ஃபிஷர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அதன் பின் ஃபிடே அந்தச் சுற்றுமுறையையே மாற்றி, இருவர் இருவராக மோதும் ஆட்டங்களாக்கியது.

ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஓபன் போட்டிகளின் கடைசிச் சுற்றில் பத்து நகர்வில் முடியும் டிராக்கள் ஏராளம். அவற்றில் எது பேசி முடித்தது என்று நிரூபிப்பது பெரும்பாலும் இயலாத காரியம், விதி பலவீனமாக இருக்கும் இடம் இதுதான். உங்களிடமோ ஒரு தொலைபேசி அழைப்பு சாட்சியாக இருக்கிறது. சுற்று தொடங்குவதற்கு முன்பே தலைமை நடுவருக்கு எழுத்தில் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

*கேள்வி: எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில், ஒரே ஆண்டில் ரேட்டிங் மளமளவென உயர்ந்த பதினான்கு வயதுப் பையனை ஏமாற்றுக்காரன் என்று எழுதுகிறார்கள். எனக்கும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது? – திருச்சி வாசகர்*

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். 18 வயது ஆகாத, 2300-க்குக் கீழ் ரேட்டிங் உள்ள ஆட்டக்காரர்களுக்கு ரேட்டிங் எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் பெருக்கெண்ணாக ஃபிடே 40 என்ற உயர்ந்த எண்ணைப் பயன்படுத்துகிறது. நிலைபெற்ற பெரியவர்களுக்கு அது 20 அல்லது 10. ஒரு நல்ல போட்டியிலேயே ஒரு பையன் நூறு புள்ளி ஏறுவதற்கு அதுவே போதும். தவிர, நம்மூர்ப் பிள்ளைகள் நாளெல்லாம் பயிற்சி செய்கிறார்கள். அவர்களுடைய ரேட்டிங் அவர்கள் திறமைக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறது.

சந்தேகத்தைப் பொதுவெளியில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை 2022-இல் பார்த்தோம். செப்டம்பர் 4 அன்று செயின்ட் லூயிஸ் நகரின் சின்க்ஃபீல்ட் கோப்பையில் 19 வயது ஹான்ஸ் நீமனிடம் தோற்ற கார்ல்சன், மறுநாள் போட்டியிலிருந்தே விலகினார். சில வாரங்கள் கழித்து வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். இணைய ஆட்டங்களில் முன்பு ஏமாற்றியதுண்டு என்று நீமன் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தப் போட்டியில் பலகைக்கு முன் அமர்ந்து ஏமாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. 10 கோடி டாலர் கேட்டு அவர் தொடுத்த வழக்கு 2023-இல் தள்ளுபடியாகி, பின் சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபிடேயின் ஒழுங்கு ஆணையம், தக்க காரணமின்றிப் போட்டியிலிருந்து விலகியதற்காக கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் விதித்து, மற்றக் குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது. உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் சொன்னாலும் சந்தேகம் சந்தேகம்தான் என்பதே அந்தத் தீர்ப்பில் நான் கண்டது.

அந்தக் குழுவில் எழுதுவதை நிறுத்துங்கள். உண்மையிலேயே கண்ணால் கண்டது ஏதேனும் இருந்தால் ஃபிடேயின் புகார்ப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அடிப்படையே இல்லாத புகாரைக் கொடுப்பவர் மீதும் நடவடிக்கை எடுக்க இடமுண்டு என்பதால், கையெழுத்துப் போடும்போதே உங்கள் சந்தேகத்தின் எடை உங்களுக்குத் தெரிந்துவிடும். பதினான்கு வயதுப் பையனின் பெயரை இருநூறு பேர் படிக்கும் இடத்தில் எழுதியவர்களில் ஒருவராவது அப்படிக் கையெழுத்திட முன்வருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

*கேள்வி: நடுவரே தவறாகத் தீர்ப்பளித்தால்? – விழுப்புரம் வாசகர்*

பதில்: மேல்முறையீடு செய்யலாம். அதற்கான குழு, கால அளவு, கட்ட வேண்டிய வைப்புத்தொகை ஆகியவை போட்டியின் விதிமுறையில் இருக்கும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே படித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த சுற்றுக்கான இணைகளை வெளியிட்டபின் பெரும்பாலும் எதையும் மாற்ற மாட்டார்கள். பெற்றோர்கள் அரங்குக்குள் புகுந்து வாதாடுவதால் பிள்ளைக்குக் கெடுதல்தான்; பார்வையாளர் ஒரு முறைகேட்டைக் கண்டால் நடுவரிடம் மட்டுமே சொல்லலாம், ஆட்டத்தில் தலையிட்டால் வெளியேற்றப்படலாம்.

பலர் கவனிக்காத இன்னொன்று: ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டில் இருவரும் கையெழுத்திட்ட முடிவு, தவறாகவே எழுதியிருந்தாலும், நடுவர் மாற்றினால் ஒழிய நிற்கும். தீர்ப்பை ஏற்காதவர் கையெழுத்திடுவதற்கு முன் தலைமை நடுவரை அழைத்து மேல்முறையீடு செய்யப் போவதாகச் சொல்ல வேண்டும். வென்ற பிள்ளைகளும் முடிவுக் கட்டத்தில் 1-0 என்பதற்குப் பதில் 0-1 என்று எழுதிவிட்டு ஓடி வருவதுண்டு. கையெழுத்துப் போடும் முன் அந்த இரண்டு எண்களை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.